மாப்பிள்ளை ஏறிய விமானம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் அது ஒரு மீன். தங்கமீனில் ஒரு வகை. முதுகில் துடுப்பே கிடையாது. தலை முழுக்கச் சதை முட்டிக்கொண்டு, கன்னம் உப்பி, உள்ளங்கை நிறைய உருண்டையாக இருப்பான். எங்கள் தொழிலில் இதைச் சிங்கத்தலை என்போம். ஐந்து தலைமுறையாக நானே ஜோடி சேர்த்து, நானே குஞ்சு பொரிக்க வைத்து, நானே கழித்துக் கட்டி வளர்த்த வம்சத்தில் கடைசியாக வந்து நின்ற ராஜா இவன்.

பெயர் வைத்தது என் மாமனார். ஆசையாக வைக்கவில்லை, எரிச்சலில் வைத்தார். அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது, அவருக்கென்று ஒதுக்கிய அறையில் என் மீன் தொட்டிகள் ஏற்கெனவே குடியேறியிருந்தன. ஒருநாள் நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வேளாவேளைக்குச் சாப்பாடு, வாரம் ரெண்டு தடவை புதுத் தண்ணி, ராத்திரி பூரா காத்து வேற. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காதும்மா."

அன்றிலிருந்து அவன் மாப்பிள்ளை. அதற்கு மேல் மாமா அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மூஞ்சி சரியில்லையே", "மாப்பிள்ளை மோட்டார் சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு" என்று போகிற போக்கில் ஒரு குத்து, அவ்வளவுதான்.

கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்தில் வருடா வருடம் தங்கமீன் போட்டி நடக்கும். இந்தப் பக்கத்து நாடுகளில் மீன் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் அதுதான் உச்சி. அங்கே ஒரு தொட்டியில் நம் மீன் நீந்தினாலே போதும், நாம் வளர்ப்பவர் என்று பெயர். இல்லாவிட்டால் எத்தனை வருடம் வளர்த்தாலும் பொழுதுபோகாமல் மீன் வைத்திருக்கிற அம்மாதான். இந்த வருடம் மாப்பிள்ளையின் படத்தை அனுப்பியிருந்தேன். வரச் சொல்லி பதில் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: போட்டிக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்குள் மீன் உயிரோடு அவர்கள் தொட்டியில் இறங்கியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நான் போட்ட ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் விமானம் ஏறியதில்லை. முதலில் ஏறப்போவது நானும் ஒரு மீனும்!

என் வீட்டுக்காரர் ஏசி பழுது பார்ப்பவர். எதையும் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டால் அவருக்கு நிம்மதி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்.

"இங்க பாரு, ரெண்டு ஊருக்கும் நடுவுல மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். பறக்கிற நேரம் நாலு மணி இருபது நிமிஷம். அவ்வளவுதான்!"

மாமா தட்டிலிருந்து நிமிர்ந்தார். முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். தூரம், நேரம் என்ற சொற்கள் காதில் விழுந்தால் சும்மா இருக்க மாட்டார்.

"அந்த மூவாயிரத்து நானூறை யாரு அளந்தது?"

"கம்ப்யூட்டர்ப்பா. ஊருக்கும் ஊருக்கும் நேர்க்கோடு போட்டு அளக்கும்."

"நேர்க்கோட்டுல எந்த வண்டிடா போயிருக்கு? மேல மட்டும் டிராஃபிக் இருக்காதா? நாலு மணி நேரம்னு போர்டுல எழுதியிருந்தா ஆறு மணி நேரம்னு அர்த்தம். என் சர்வீஸ்ல ஒரு வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல."

"அது பஸ்ஸுப்பா. இது பிளேன்."

"ஓட்டுறவன் மனுஷன்தானே?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மீனை விமானத்தில் அனுப்புவதில் முக்கியமான வேலை பட்டினி போடுவது. தின்ற மீன் கழியும். மூடிக் கட்டிய பையில் அது கழிந்தால் அந்தத் தண்ணீரே விஷமாகிவிடும். அதனால் இரண்டு நாள் முன்பிருந்தே வாயைக் கட்டிவிட வேண்டும். வயிறு காலியான மீன் ஒரு நாள் முழுக்கப் பையில் தாங்கும். வயிறு நிறைந்த மீன் பத்து மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். மாப்பிள்ளையும் இரண்டு நாளாகக் கண்ணாடியில் வாயை வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான். நான் கல் மனசோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டினேன். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பைக்கு மேல் ஒரு பை, அதற்கு மேல் இருட்டாக இருக்கக் கறுப்புத்தாள், கடைசியாகத் தெர்மகோல் பெட்டி. அவசரத்துக்கு இரண்டு காலிப் பையும் மடித்து உள்ளே வைத்தேன். விமானம் பத்து மணிக்கு. அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும் என்றாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் தாராளமாக நேரம் இருந்தது. சரக்குப் பிரிவில் பெட்டியை வாங்கி 'உயிருள்ளது' என்று ஒட்டினார்கள். நான் பெட்டியைத் தட்டி, "கீழ நீங்க, மேல நான். அங்க பாப்போம் மாப்பிள்ளை" என்று சொன்னேன். ஊழியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

விமானத்தில் ஏற வரிசையில் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. மாமா. அவராக எனக்குப் போன் செய்து நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, இவன் என்னமோ சொல்றான். மாப்பிள்ளையை வேணும்னேதான் பட்டினி போட்டியா?"

"ஆமா மாமா. ஏன்?"

"ஐயய்யோ" என்று அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது.

"மாமா, என்ன பண்ணீங்க?"

"நீ பாஸ்போர்ட்டு, பெட்டின்னு அலைஞ்சதுல மறந்துட்டேன்னு நெனச்சேம்மா. ரெண்டு நாளா அவன் வாயைத் தொறந்து தொறந்து என்னையே பாக்கறான். நாலு மணி நேரம்னு சொல்றாங்க, எப்படியும் வண்டி லேட்டாத்தான் போகும். நடுவுல எங்க சாப்பிடுவான்? அதான் காலையில நீ குளிக்கப் போனப்போ..."

"என்ன குடுத்தீங்க?"

"பட்டாணி. வேக வெச்சு, தோலை உரிச்சுத்தான் குடுத்தேன்."

"எத்தனை?"

"அவன் போதும்னு சொல்ற வரைக்கும்."

தங்கமீன் போதும் என்று சொல்லுமா! எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. ஐந்து வருட உழைப்பைப் பட்டாணியில் தீர்த்துக் கட்டிவிட்டாரே மனுஷன்! கத்தியிருப்பேன். ஆனால் தோலை உரித்தார் என்பது என் வாயை அடைத்துவிட்டது. தோலோடு கொடுத்தால் அவனுக்குச் செரிக்காது. அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. என்றைக்கோ நான் உரிப்பதை வாசலில் நின்று பார்த்து மனதில் வைத்திருக்கிறார்.

"சரி மாமா, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

பெட்டியை இறக்கச் சொல்லலாமா என்று வாசலில் நின்ற ஊழியரைக் கேட்டேன். "இறக்கலாம், ஆனா உங்க கைக்கு வர மத்தியானம் ஆயிடும்" என்றார். மத்தியானம் வரை வெயில் கொளுத்துகிற கொட்டகையில் கிடப்பதைவிட மேலே பறப்பதே மேல். விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். ஐந்து மணிக்குக் கட்டியது, பத்து மணி நேரம் என்றால் நம்மூர் மதியம் மூன்று. அங்கே ஐந்து. இறங்குவது அங்கே நாலு இருபதுக்கு. அதாவது, விமானம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மாப்பிள்ளை பிழைப்பான். மாமா சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அவ்வளவுதான்!

ஏறிவிட்டேன்.

முதல் தடவை விமானம் ஏறுகிறவள் ஜன்னல் வழியாக மேகம் பார்க்க வேண்டும். நான் முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் ஒரு பொம்மை விமானம், போக வேண்டிய தூரம், மீதி நேரம். தூரம் குறையக் குறைய எனக்கு மூச்சு வந்தது. எங்கேயாவது ஒரு நிமிடம் அப்படியே நின்றால் திரையை விரலால் தட்டிப் பார்த்தேன். பணிப்பெண் சாப்பாடு கொண்டு வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, பைலட்கிட்ட கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்ல முடியுமா?"

அவள் பயந்தவர்களைச் சமாதானப்படுத்திப் பழகிய சிரிப்பைச் சிரித்தாள். "முதல் தடவையா? ஒண்ணும் ஆகாது, தண்ணி குடிங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கீழ சரக்கோட என் மாப்பிள்ளை இருக்கார். அவருக்குத்தான் மூச்சு முட்டும்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து இருக்கையில் கண்ணை மூடியிருந்த கோட்டுக்காரர் பொசுக்கென்று கண்ணைத் திறந்தார். நான் அவசர அவசரமாகக் கைப்பேசியில் படத்தைக் காட்டி, மீன், போட்டி, பட்டாணி என்று மொத்தக் கதையையும் கொட்டினேன். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "இருங்க" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

"பின்னாடியிருந்து நல்ல காத்து தள்ளுதாம். இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிடலாம்னு கேப்டன் சொல்றார். மாப்பிள்ளையைத் தைரியமா இருக்கச் சொன்னார்!"

நான் கோட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவரும் குலுக்கினார். அதற்குள் முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசைக்கு விஷயம் போய்விட்டது. ஆளாளுக்கு அவரவர் திரையில் மீதி நேரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "இன்னும் ஐநூறு கிலோமீட்டர்தான்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "முன்னூத்தி அம்பது" என்று குறுக்கே இன்னொன்று. சொந்தக்காரர்கள் சூழ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

நகரம் கீழே தெரிந்தது. கட்டடங்கள், கப்பல்கள், பளபளக்கிற தண்ணீர். அப்போதுதான் பொம்மை விமானம் போய்க்கொண்டிருந்த கோடு வளைந்தது. வளைந்து, திரும்பி, வந்த வழியே போனது. மறுபடி வளைந்தது.

"இறங்கக் கூட்டமா இருக்காம். சுத்திட்டு இருக்கோம்" என்றாள் பணிப்பெண். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மேலே மட்டும் டிராஃபிக் இருக்காதா என்று கேட்டாரே! அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் எப்படிச் சொன்னார் என்று எனக்கு எரிச்சலும் வியப்பும் ஒன்றாக வந்தன. ஒரு சுற்று. இரண்டு சுற்று. கோட்டுக்காரர் என்னைவிட அதிகமாகத் தவித்தார். மூன்றாவது சுற்றில் சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டதும் எங்கள் ஐந்து வரிசையும் கை தட்டியது. மீதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று கொடுத்ததில் பெரும்பகுதியைக் கூட்டம் பிடுங்கிக்கொண்டாலும், குறித்த நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்னதாகத் தரையில் இருந்தோம்.

கதவு திறந்ததும் கோட்டுக்காரர் எழுந்து நடைபாதையை மறித்துக்கொண்டு, "மீன்காரம்மா மொதல்ல போகட்டும்!" என்று ஒரு அதட்டல் போட்டார். ஓடினேன்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற இடத்தில் நல்லவேளையாக வரிசை சின்னது. வெளியே வந்ததும் முதல் கடையில் நுழைந்து பாட்டில் தண்ணீர் கேட்டேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கெட்டுப்போன பையைத் திறந்தால் மீனை அந்தத் தண்ணீரில் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. காற்றுப் பட்டதும் விஷம் ஏறிவிடும். திறந்த கையோடு நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், ஆகாது. கடைக்காரிக்கு என் மொழி தெரியாது. ஃபிரிட்ஜைத் திறந்து ஜில்லென்ற பாட்டில்களை எடுத்து நீட்டினாள். ஜில் தண்ணீரில் விட்டால் மாப்பிள்ளை விறைத்துப் போவான். நான் உடம்பைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினேன். பாவம், அவள் சுடுதண்ணீர் கொண்டு வந்தாள். கடைசியில் நானே கடைக்குள் புகுந்து, மூலையில் அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து பாட்டில்களை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டேன்.

சரக்குக் கட்டடத்தில் மீன், பறவை எல்லாவற்றையும் சோதிக்க ஒரு அதிகாரி. நரைத்த மீசை, சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. என் பெட்டி அவர் மேசையில் இருந்தது. அவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பேசிப் பார்த்தேன், புரியவில்லை. வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கன்னத்தை உப்பி வாயைத் திறந்து திறந்து மூடி, அப்படியே அவர் மேசை மேல் ஒருக்களித்துச் சாய்ந்து கண்ணை மூடிக் காட்டினேன்.

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். பெட்டியைத் திறந்தார். கறுப்புத்தாளை விலக்கினார்.

தண்ணீர் கலங்கி, மேலே நுரை கட்டியிருந்தது. மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். செவுள் மட்டும் லேசாக அசைந்தது.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்கும் எனக்கும் மொழியே தேவைப்படவில்லை. அவர் புறங்கையால் மேசையில் இருந்த அத்தனையையும் ஒதுக்கினார். நான் பையை வெளியே எடுத்தேன். பெட்டிக்குள் காலிப் பை ஒன்றை விரித்தேன். அவர் பாட்டில்களைத் திறந்து திறந்து ஊற்றினார். சுத்தமான அவர் சட்டையெல்லாம் தண்ணீர். பையைக் கிழித்தேன், மாப்பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தினேன், புதுத் தண்ணீரில் விட்டேன். அதிகாரி காலிப் பாட்டிலால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்று ஏற்றினார். சொல்லாமலே தெரிந்திருந்தது.

அவன் சாய்ந்தேதான் கிடந்தான். நான் விரலால் அவன் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். "மாப்பிள்ளை, எழுந்திருங்க. அங்க ஒருத்தர் தவிச்சிட்டிருப்பார். எழுந்திருங்க" என்று என்னென்னவோ சொன்னேன். கோபமெல்லாம் எப்போது போனது என்று தெரியவில்லை.

வால் ஒரு தடவை அசைந்தது. மறுபடி அசைந்தது. என் விரலை உதறிவிட்டு நிமிர்ந்தான். நிமிர்ந்த கையோடு முதல் காரியமாக, பின்னால் நீளமாக ஒரு பச்சை நூலை விட்டான். பட்டாணி!

அதிகாரி அதைச் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மீசைக்காரர் முத்திரையை எடுத்து, நனைந்த என் காகிதத்தில் ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

திறந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் போனேன். வளைவுக்கு வளைவு என் புடவையில் பாதித் தண்ணீர். போட்டி மண்டபத்தில் அவர்கள் கதவைச் சாத்தத் தயாராகும்போது உள்ளே நுழைந்தேன். வரிசை வரிசையாக வெள்ளைத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா. காலியாக இருந்த ஒன்றில் மாப்பிள்ளையை இறக்கினார்கள். கொஞ்சம் வெளுத்திருந்தான், வால் ஓரம் சிவந்திருந்தது. ஆனால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நடுவில் வந்து, என் வீட்டுத் தொட்டியில் நிற்கிற அதே தோரணையில் நின்றான். என் பெயரை அட்டையில் எழுதித் தொட்டியில் ஒட்டினார்கள். பெயருக்குக் கீழே 'வளர்ப்பவர்' என்று இருந்தது. நாளைக்குப் பரிசு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நான் மண்டபத்துக்கு வெளியே ஓடி வீட்டுக்குப் போன் போட்டேன்.

வீட்டுக்காரர் எடுத்தார். நான் கத்திய கத்தில் அவரும் அங்கிருந்து கத்தினார்.

"மாமா எங்க?"

"இங்கதான். காலையிலேர்ந்து என் போனைப் பிடுங்கி வெச்சிட்டு, பிளேன் எங்க போகுதுன்னு மேப்புல பாத்துட்டே உக்காந்திருக்கார். அது சுத்த ஆரம்பிச்சதும் எழுந்து நின்னவர்தான். இரு, குடுக்கறேன்."

போனில் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. "வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சும்மா?"

"ஏழு நிமிஷம் முன்னாடி மாமா."

"முன்னாடியா? என் சர்வீஸ்ல ஒரு வண்டிகூட அப்படி வந்ததில்லையேம்மா."

"மாப்பிள்ளை நல்லா இருக்கார். தொட்டியில நீந்திட்டிருக்கார். நீங்க குடுத்த பட்டாணியை ஆபீசர் மேசையிலேயே எறக்கி வெச்சுட்டார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். போனை வீட்டுக்காரரே திரும்ப வாங்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உன்கிட்ட பேசி வெச்சதுலேர்ந்து அப்பா ஒரு வாய் சாப்பிடல. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். அவன் கிடக்க வேண்டிய பட்டினியை நான்தான் கெடுத்தேன், அவன் தண்ணியில எறங்கற வரைக்கும் நான் கிடக்கறேன்னு உக்காந்துட்டார்."

எனக்குக் கண்ணை மறைத்தது. மண்டபத்து வாசலில், முன்பின் தெரியாத ஊரில், ஈரப் புடவையோடு நின்றுகொண்டு உரக்கச் சொன்னேன்:

"ஸ்பீக்கர்ல போடுங்க. மாமா, கேக்குதா? மாப்பிள்ளை எறங்கியாச்சு. தட்டைப் போட்டு உக்காருங்க. ஏங்க, நீங்க பக்கத்துலயே இருந்து பரிமாறுங்க. அவர் போதும்னு சொல்ற வரைக்கும் போடணும்."